மிட்டாயின் சொந்தக்காரர்

ஆட்டைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள் ஆட்டுக்கு வக்காலத்து வாங்கக் கிளம்பினால் எப்படியிருக்கும் என்று ஆட்டுக்காரியிடம் கேளுங்கள், சொல்லுவாள். இரண்டு நாளாக அவளுடைய போன் ஓயவில்லை. ஒரு குரல் கொலைகாரி என்றது. இன்னொரு குரல் நம்பவைத்துக் கழுத்தறுத்தவள் என்றது. ஒருத்தி எதுவுமே சொல்லாமல் தேம்பித் தேம்பி அழுதுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு ஆடு எத்தனை மாதத்தில் குட்டி போடும் என்றுகூடத் தெரிந்திருக்காது. பணம் கட்டியிருக்கிறாள், அதனால் அழுகிறாள்.

ஆட்டுக்காரி என்பது அவளுடைய அண்ணி வைத்த பெயர். கால்நடைப் படிப்பு முடித்து, மருந்துக் கம்பெனியில் வேலை தேடிவந்தும் வேண்டாம் என்று உதறிவிட்டு, அப்பா விட்டுப்போன நிலத்தில் கொட்டகை போட்டுப் பால் ஆடு வளர்க்க உட்கார்ந்தவளை அண்ணி வேறு எப்படிக் கூப்பிடுவாள்? கேலிக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் ரோஷத்தில் அதையே பெரிய எழுத்தில் எழுதிப் பண்ணை வாசலில் மாட்டிவிட்டாள்.

நிலம் அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் பொது. அண்ணனுக்கு அதைக் கிடங்கு கட்டுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இவளுக்கு ஆடுதான் வேண்டும் என்று அதைவிடப் பிடிவாதம். கத்திக் கூச்சல் போட்டுக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோடை ஆரம்பிப்பதற்குள் பாலைக் குளிர்விக்கும் இயந்திரம் பண்ணைக்கு வந்துவிட வேண்டும், பால் கம்பெனி வண்டி வாசலில் வந்து நிற்க வேண்டும். நின்றால் நிலத்தில் அவள் இருக்கலாம். நிற்கவில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கறந்த பால் ரோட்டுக்குப் போவதற்குள் திரிந்துவிடும். இயந்திரம் இல்லாமல் வண்டி அனுப்ப முடியாது என்று பால் கம்பெனிக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வங்கியில் நிலத்தை அடமானம் கேட்டார்கள். அதற்கு அண்ணன் கையெழுத்து வேண்டும். அவன் போடுவானா? அப்போதுதான் கூடப் படித்த தோழி ஒருத்தி இளம் விவசாயிகளுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தருகிற இணையதளம் ஒன்றைக் காட்டினாள். கிரவுட் ஃபண்டிங். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஒரு பண்ணை எழும்பிவிடும், வட்டியும் கிடையாது, அடமானமும் கிடையாது.

"ஆன்லைன்ல பிச்சை எடுக்கப் போறா உன் தங்கச்சி" என்றாள் அண்ணி.

"எடுக்கட்டும். தட்டு நிறைஞ்சா பார்க்கலாம்" என்றான் அண்ணன்.

தட்டு முதலில் நிறையவில்லை. பால், சத்து, சுத்தம் என்று அவள் பேசிய வீடியோவை ஒருவரும் சீந்தவில்லை. தோழிதான் யோசனை சொன்னாள். பணம் போடுகிறவர்கள் ஆளுக்கொரு குட்டிக்குப் பெயர் வைக்கலாம் என்று போடு, அப்புறம் பார் கூத்தை என்றாள். ஆட்டுக்காரி தயங்கினாள். பால் ஆடு வளர்க்கிற எவரும் பெட்டைக்குட்டிக்குத்தான் பெயர் வைப்பார்கள். கிடாக்குட்டிக்கு வைப்பதில்லை, மூன்று நான்கு மாதத்தில் கறிக்கடைக்குப் போகிற உருப்படி அது. பால் கொடுக்காத வாய்க்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தால் பண்ணை தாங்காது. அவளுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் பணம் வர வேண்டுமே! பெட்டைக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்த்தால் பாதிப்பேர் போய்விடுவார்கள் என்று தோழி பயமுறுத்தினாள், அவளும் விட்டுவிட்டாள்.

அடேயப்பா, அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் பணம். குட்டி பிறப்பதற்கு முன்பே பெயர்கள் வரிசையில் நின்றன. வீரன், வைரம், குண்டுமணி, மிட்டாய், இளவரசி. பேத்தியின் செல்லப்பெயரை ஒருவர் கொடுத்தார். செத்துப்போன நாயின் பெயரை ஒருத்தி கொடுத்தாள். குட்டிகளைத் தினமும் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் கேட்க, கொட்டகையில் கேமராவும் வந்தது. வாராவாரம் அவள் ஒவ்வொரு குட்டியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தீவனத்தைக் கையில் வைத்து ஊட்டி, "சார், உங்க மிட்டாய் நல்லா இருக்கான்" என்று வீடியோ போட்டாள். பிறந்ததில் பாதிக்கு மேல் கிடா. 

மூன்று மாதம் ஆனது. தீவனக் கடைக்காரர் கடன் இல்லை என்று கையை விரித்தார். ஒருநாள் மத்தியானம் கேமராவை அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்று போட்டுவிட்டு, வீரனையும் குண்டுமணியையும் கறிக்கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் வண்டியோடு வந்து, தானே பிடித்துக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் அவள் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயந்திரமே, பணம் போட்டவர்களின் ஆன்லைன் குழுவில் ஒருவர் கேட்டார், வீரன் எங்கே என்று. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். மிட்டாய்க்குப் பெயர் வைத்தவர் அவர்தான். குழுவில் எல்லோரும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலையில் இருந்தபோது எத்தனை பேருடைய விண்ணப்பத்தில் ஓட்டை கண்டுபிடித்தாரோ, அந்தக் கண் இன்னும் மங்கவில்லை.

உடம்பு சரியில்லை, தனியாக வைத்திருக்கிறேன் என்று ஒரு பொய் சொன்னாள். மறுநாள் அதற்கு மேல் இன்னொரு பொய். மூன்றாவது பொய்க்கு அவளால் முடியவில்லை. உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டாள். கிடாக்கள் கறிக்குத்தான் போகின்றன, பால் கறக்கிற எந்தப் பண்ணையிலும் இதுதான் நடக்கிறது, பேர் வைக்கச் சொன்னது என் தப்பு, மறைத்தது அதைவிடத் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்பதா? பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். 'மிட்டாய் மேல் ஒரு விரல் பட்டாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்' என்று மேனேஜர் எழுதினார். அதற்கு விழுந்த கைத்தட்டலுக்கு அளவில்லை. அவர் அதோடு நிற்கவில்லை, பணம் திரட்டிய இணையதளக்காரர்களுக்குப் புகார் எழுதினார். திரட்டியதில் முதல் பாதி கொட்டகைக்கும் தீவனத்துக்கும் போய்விட்டது. இயந்திரம் வாங்க வேண்டிய மறுபாதி இன்னும் தளத்திடம்தான் இருந்தது. அதை அவளுக்குக் கொடுப்பதா, போட்டவர்களுக்கே திருப்பிவிடுவதா என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். சனிக்கிழமை சாயந்திரம் முடிவு. திருப்பிவிட்டால் இயந்திரம் இல்லை. இயந்திரம் இல்லையென்றால் நிலமும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் தன் சரக்கு வண்டியோடு பண்ணைக்கு வந்தான். கொட்டகை நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போனை எடுத்து, ரேடியோவில் செய்தி வாசிப்பவன் மாதிரி வாசித்தான்.

"'பாவி, நீ நல்லா இருப்பியா?' இது யாரோ டீச்சராம். 'பச்சைக் குழந்தையைக் கொன்னுட்டே.' ஹா! 'உன்னை மாதிரி ஆளுங்களாலதான் விவசாயிங்க பேரே கெடுது.' எப்படி? நான் சொன்னா பொறாமைன்னே. இப்போ ஊரே சொல்லுது."

"படிச்சு முடிச்சிட்டியா?" என்றாள் அவள்.

"கையெழுத்துப் போட பேனா கொண்டு வந்திருக்கேன்."

"சாயந்திரம் வரைக்கும் நேரம் இருக்கு."

"அதுக்குள்ள என்ன கிழிக்கப் போறே?"

அவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. எல்லோரும் மிட்டாய் மிட்டாய் என்று கதறுகிறார்களே, சரி, மிட்டாயை அவர்களிடமே கொடுத்துவிட்டால்?

"உன் வண்டி வேணும். டவுன் வரைக்கும்" என்றாள்.

"வாடகை?"

"கூடப்பிறந்தவகிட்ட வாடகை கேக்கற ஆளு நீ ஒருத்தன்தான். தரேன், எடு."

அண்ணன் எடுத்தான். உதவ வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அவள் மூக்கறுபட்டுத் திரும்புவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அதற்காகத்தான்.

மேனேஜர் குடியிருந்தது அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் இரும்புக் கதவு, உள்ளே சீராக வெட்டிவிட்ட பூச்செடிகள், கார்களுக்கு வெள்ளைக் கோடு. வண்டியிலிருந்து மிட்டாயை அவள் தூக்கி இறக்கியதும் செக்யூரிட்டி ஓடிவந்தார்.

"அம்மா, அம்மா, ஆடெல்லாம் உள்ளே விட முடியாது."

"இது சும்மா ஆடில்லைங்க. நாலாவது மாடி மேனேஜர் சாரோட ஆடு. ஃபோன் பண்ணிக் கேளுங்க."

செக்யூரிட்டி போன் செய்தார். அதற்குள் அவள் தன் போனில் குழுவின் நேரலையைத் திறந்து, பூந்தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள். பார்வையாளர்கள் திபுதிபுவென்று வந்து சேர்ந்தார்கள். ஆட்டைத் திட்ட ஆளில்லை. அவளைத் திட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை.

மேனேஜர் அரைக்கால் சட்டையில் இறங்கிவந்தார். கையில் காபிக் கோப்பை. பணம் போட்டவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிய கோப்பை அது, மிட்டாயின் முகம் அச்சடித்தது. அண்ணன் வண்டிக்குள்ளிருந்தே அதைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தான்.

"என்னம்மா இது? வீடு தேடி வந்து அராஜகம் பண்றியா?"

"இல்லைங்க சார். மிட்டாயை ஒப்படைக்க வந்திருக்கேன். பண்ணையில விட்டா என் கை சும்மா இருக்காதுன்னு சொல்றீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"என்ன விளையாட்டு இது? இங்க நாய் வளர்க்கவே சங்கத்துல எழுதிக் குடுக்கணும்."

"சரி சார். அப்போ பண்ணையிலேயே இருக்கட்டும். அது சாகிற வரைக்கும் தீவனத்துக்கு மாசாமாசம் அனுப்பிடுங்க."

"நான்தான் பணம் கட்டியாச்சே!"

"அதை அவன் எப்பவோ தின்னுட்டான் சார்."

"அதெப்படி? வாழ்நாள் முழுக்கன்னு நினைச்சுத்தானே..."

"நினைச்சீங்க. நான் சொன்னேனா? நான் சொல்லாததும் தப்புதான், இல்லைங்கல. இப்போ கேக்கறேன், சொல்லுங்க. வளர்க்கிறீங்களா, அனுப்பறீங்களா?"

மிட்டாய் இதற்கிடையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூச்செடி வரிசையில் முதல் செடியை மொட்டையடித்துவிட்டு இரண்டாவதற்குப் போயிருந்தது. மேலே நாலாவது மாடியிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப்பார்த்து, "ஏங்க, செடியைத் தின்னுதுங்க! பிடிங்க அதை!" என்று கத்தினாள். மேனேஜர் பிடிக்கப் போனார். இரண்டு அடி கிட்டப் போனதும் மிட்டாய் தலையைத் தாழ்த்தி ஒரு முறை முறைத்தது. அவர் பின்வாங்கினதில் காபி சட்டையில் கொட்டியது. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் வேறு இறங்கிவந்து, "சார், இது உங்க ஆடா சார்? செடிக்கு யார் பணம் கட்டறது?" என்றார்.

"என் ஆடு இல்லை!" என்றார் மேனேஜர்.

"நல்லா சத்தமா சொல்லுங்க சார்" என்றாள் ஆட்டுக்காரி. "குழுவுல எல்லாரும் பார்க்கறாங்க."

அவர் அப்போதுதான் சுவரில் இருந்த போனைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போனது.  பிறகு போனையோ ஆட்டையோ பார்க்காமல் அவளைப் பார்த்து வெடித்தார்.

"இப்போ என்னம்மா வேணும் உனக்கு? வித்துக்கோ! வெட்டிக்கோ! என்ன வேணா பண்ணித் தொலை! யார் வேண்டாம்னா? எல்லாப் பண்ணையிலயும்தான் நடக்குது, எவனாவது வந்து சொல்றானா? நாங்க நிம்மதியா பாலைக் குடிச்சிட்டுப் போறோம். நீ எதுக்கு சொன்னே? அதான் கேக்கறேன், எதுக்கு எங்ககிட்ட சொன்னே?"

அவளுக்கு நாக்கு நுனியில் ஆயிரம் இருந்தது. மறைத்ததற்குத் திருடி என்றீர்கள், சொன்னதற்குக் கொலைகாரி என்றீர்கள், நான் வேறு எந்த வழியாகப் போவது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த மனிதர் கண் கலங்கி நின்றார். காபி சொட்டுகிற சட்டையும், ஆட்டு முகம் போட்ட கோப்பையுமாக நின்றவரைப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு பாவமாகவும் இருந்தது, அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. மிட்டாயைக் கயிற்றோடு இழுத்து வண்டியில் ஏற்றினாள். நேரலையில் திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கப்சிப் என்று ஆகியிருந்தார்கள்.

திரும்பி வருகிற வழியில் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினான் அண்ணன். அங்கேதான் முடிவு வந்தது. பணத்தை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று பெரும்பாலோர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். மேனேஜரும் போட்டிருந்தார். கூடவே குழுவின் நிபந்தனை ஒன்று. கொட்டகைக் கேமராவைக் கழற்றிவிட வேண்டும். கிடாக்களைப் பற்றி இனிமேல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. பெட்டைகளின் படம் மட்டும் மாதத்துக்கு ஒன்று அனுப்பினால் போதும்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

"என்னவாம்?" என்றான் அண்ணன்.

"பணம் வருது."

அவன் முகம் செத்துப்போனது. "என் வாயில மண்ணைப் போட்டுட்டே" என்றான். வண்டியை எடுத்தான். பிறகு திரும்பிப் பார்த்து, "ஜெயிச்சவ மூஞ்சியா இது? ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே?" என்றான்.

"பார்க்க மாட்டோம், ஆனா பணம் தரோம்ங்கறாங்க. கேவலமா இருக்கு."

"ஓ! அவங்க பார்க்க மாட்டேங்கறது கேவலமா? கறிக்கடைக்காரர் பண்ணைக்கு வர்றப்போல்லாம் நீ எங்கடி இருப்பே? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவன் விடவில்லை.

"கடை வழியிலதான் இருக்கு. சொந்தக்காரரே உத்தரவு குடுத்துட்டாரு. இன்னைக்கு நீயே இறங்கிக் குடு. முடியலைன்னா சொல்லு, வீட்டுக்குப் போலாம். ஆனா அப்புறம் எவனையும் கேவலம்னு சொல்லாதே."

கூடப்பிறந்தவனுக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரியும். வஞ்சகமாகத்தான் சொன்னான். இருந்தாலும் சொன்னதில் பொய் இல்லையே. "நிறுத்து" என்றாள்.

கடைத்தெருவில் சனிக்கிழமைக் கூட்டம். கறிக்கடைக்காரர் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தவர், அவளே வந்து நிற்பதைப் பார்த்து, "என்னம்மா, நான் வந்திருப்பேனே?" என்றார். அவள் வண்டியின் பின்கதவைத் திறந்தாள். கயிற்றை அவர் கையில் கொடுக்கப் போனாள். அவர் கை ஈரம். கயிறு வழுக்கியது. மிட்டாய் ஒரே துள்ளில் தெருவில் இறங்கி ஓடியது.

கறிக்கடைக்காரர் ஒருபக்கம் ஓடினார், பக்கத்துக் கடைக்காரர் ஒருபக்கம் ஓடினார். மிட்டாய் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் புகுந்து, பழத்தட்டு ஒன்றைத் தள்ளிவிட்டு, பஸ் வருகிற பக்கமாகத் திரும்பியது. பஸ்காரர் பிரேக்கைப் போட்டுக் கண்டபடி ஏசினார். பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. அகப்படுகிற மாதிரி இல்லை. தெரு முனையைத் தாண்டிவிட்டால் பெரிய ரோடு, அப்புறம் லாரிச் சக்கரம்தான்.

"நிக்கிறியே! கூப்பிடும்மா! உன் ஆடுதானே!" என்று கறிக்கடைக்காரர் மூச்சிரைக்கக் கத்தினார்.

அண்ணன் வண்டியைவிட்டு இறங்கி நின்றிருந்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

 கூப்பிடாமல் விட்டால் அது எங்கேயாவது ஓடிப்போய்விடும் என்று ஒரு கணம் நினைத்தாள். எங்கே ஓடும், பெரிய ரோட்டுக்குத்தான் ஓடும்.

"மிட்டாய்!" என்றாள்.

அத்தனை ஹாரன் சத்தத்திலும் அதற்குக் காது கேட்டது. நின்றது. திரும்பிப் பார்த்தது. பிறகு பஸ்ஸையும் ஆட்களையும் சட்டை செய்யாமல் நேராக அவளிடம் ஓடிவந்து, கையில் தீவனம் இருக்கும் என்று அவள் உள்ளங்கையை முட்டி முட்டித் தேடியது.

கயிற்றை அவளேதான் கட்டினாள். அவளேதான் கொடுத்தாள். கறிக்கடைக்காரர் முதுகைத் தட்டி எடை பார்த்துவிட்டு, "எவ்வளவும்மா எதிர்பார்க்கறே?" என்றார். அவளுக்கு விலை வாயில் வரவில்லை. அண்ணன்தான் பக்கத்தில் வந்து நின்று பேசினான். நல்ல விலைக்குத்தான் பேசினான்.